இன்புளுயன்சா வைரஸும் ஓம்புயிரிச் சர்க்கரைகளும்: பிணைப்பு ஆய்வுகளின் வளர்ச்சியும் அளவீட்டின் வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

இன்புளுயன்சா ஏ வைரஸ் ஒரு செல்லினுள் நுழைவதற்கு முன்னர், அச்செல்லின் புறப்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் அமைந்த சயாலிக் அமிலத்தோடு பிணைகிறது. பறவை வைரஸ்கள் ஆல்பா 2,3 இணைப்பையும் மனித வைரஸ்கள் ஆல்பா 2,6 இணைப்பையும் விரும்புகின்றன என்னும் இருமைப் பகுப்பு இத்துறையின் அடிப்படைக் கோட்பாடாக நிலைபெற்றுள்ளது. இப்பகுப்பு உருவான வரலாற்றையும், பிணைப்பின் மூலக்கூற்று அடிப்படையையும், அப்பகுப்பு விளக்கத் தவறும் இடங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பிணைப்பு என்பது வைரஸுக்கு மட்டும் உரிய நிலையான பண்பாகாது. எந்தச் சர்க்கரை, எவ்வளவு அடர்த்தியில், எந்த முறையில் முன்வைக்கப்படுகிறது என்பதோடு சேர்ந்தே அது பொருள்படும் என்பதை எச்3என்2, எச்5என்1 ஆகிய வைரஸ்களின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

முதன்மைச் சொற்கள்: இன்புளுயன்சா, ஹீமாகுளுட்டினின், நியூராமினிடேஸ், சயாலிக் அமிலம், சர்க்கரைச் சங்கிலி, ஏற்பி, எச்5என்1

முன்னுரை

உயிரணுக்கள் அனைத்தும் சர்க்கரைப் போர்வை ஒன்றைப் போர்த்தியுள்ளன. செல்சவ்விலுள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் கிளைகிளையாக இணைந்துள்ள சர்க்கரைச் சங்கிலிகளே அப்போர்வை. ஒரு செல் மற்றொன்றை அடையாளம் காண்பதற்கும், நோய் எதிர்ப்பு மண்டலம் தன்னுடையதையும் அயலானதையும் வேறுபடுத்துவதற்கும் இச்சங்கிலிகள் துணைபுரிகின்றன. இதே சங்கிலிகளையே பல நோய்க்கிருமிகள் தம் நுழைவாயிலாகவும் பயன்படுத்துகின்றன. அவற்றுள் மிக நீண்ட காலமாகவும் மிக நுணுக்கமாகவும் ஆராயப்பட்டது இன்புளுயன்சா வைரஸாகும்.

பறவைகளிடையே பரவும் ஒரு வைரஸ் மனிதரிடையே பரவும் ஆற்றலைப் பெற்றுவிட்டதா என்னும் வினா பொதுநலவாழ்வுத் துறையின் தலையாய வினாக்களுள் ஒன்று. அதற்கு விடை தேடுவோர் முதலில் நோக்குவது அவ்வைரஸ் எந்தச் சர்க்கரையோடு பிணைகிறது என்பதையே. தடுப்பூசிக்கு உரிய வைரஸைத் தெரிவு செய்யும் பணியும் இதே பிணைப்பைப் பயன்படுத்தும் சோதனைகளைச் சார்ந்திருக்கிறது. எனவே பிணைப்பை அளக்கும் முறையில் நேரும் குறை, ஆய்வகத்தோடு நில்லாமல் தடுப்பூசியின் பயன்வரை தொடர்கிறது. இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்வோர் அளவீட்டின் முடிவை மட்டுமன்றி, அளவீடு எவ்வாறு செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியதன் தேவை இதனின்று எழுகிறது.

1. சிவப்பணுக்கள் காட்டிய வழி

1941ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்னும் ஆய்வாளர், இன்புளுயன்சா வைரஸ் செலுத்தப்பட்ட கோழிக் கருமுட்டையிலிருந்து பாய்மத்தைச் சேகரித்தபோது, அதில் கலந்த கோழியின் இரத்தச் சிவப்பணுக்கள் திரள் திரளாக ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அதே ஆண்டில் கனடாவில் மெக்லெல்லண்டு, ஹேர் ஆகிய இருவரும் இதனைத் தனியே கண்டறிந்தனர். ஒரு வைரஸ் துகள் இரு சிவப்பணுக்களை ஒரே வேளையில் பற்றிப் பாலம்போல் இணைப்பதால் இத்திரட்சி நிகழ்கிறது. கண்ணால் காணவியலாத வைரஸை எளிய கண்ணாடிக் குழாயில் அளப்பதற்கு இது வழிவகுத்தது. வைரஸின் மேற்பரப்புப் புரதம் ஹீமாகுளுட்டினின் எனப் பெயர் பெற்றதும் இந்நிகழ்வை ஒட்டியேயாகும்.

அடுத்த ஆண்டில் ஹர்ஸ்ட் மற்றுமொரு விந்தையைப் பதிவு செய்தார். குளிர்நிலையில் சிவப்பணுக்களைப் பற்றியிருந்த வைரஸ், 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தானே விடுபட்டது. விடுபட்ட வைரஸ் புதிய சிவப்பணுக்களைத் திரட்டியது. ஆனால் அது விட்டுச் சென்ற சிவப்பணுக்களை அதே வைரஸால் மீண்டும் திரட்ட இயலவில்லை. வைரஸ் குன்றாமலிருக்க, சிவப்பணுவின் பரப்பிலிருந்த ஏதோ ஒன்று அழிந்துள்ளது என்பது இதனால் புலப்பட்டது. வைரஸிடம் ஏற்பியை அழிக்கும் நொதி ஒன்று உள்ளது என்னும் கருத்து இவ்வாறு தோன்றியது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மெக்ஃபார்லன் பர்னெட்டும் அவருடன் பணியாற்றியோரும், காலராக் கிருமியின் வடிநீரிலும் இத்தகைய ஏற்பியழிக்கும் நொதி இருப்பதைக் கண்டனர். அழிக்கப்படும் பொருள் யாது என்பது 1950களில் தெளிவுற்றது. கன்னர் பிலிக்ஸ் 1936இல் உமிழ்நீர்ச் சுரப்பியின் மியூசினிலிருந்தும், எர்ன்ஸ்ட் கிளெங்க் 1941இல் மூளைக் கொழுப்புகளிலிருந்தும் பிரித்தெடுத்திருந்த அமிலச் சர்க்கரையே அது என்பதை ஆல்ஃபிரட் காட்ஷாக், கிளெங்க் ஆகியோரின் பணிகள் உறுதிப்படுத்தின. 1957இல் இம்மூவரும் உடன்பட்டு இச்சேர்மக் குடும்பத்திற்குச் சயாலிக் அமிலம் என்னும் பெயரை நிலைபெறச் செய்தனர். வைரஸின் நொதி நியூராமினிடேஸ் என வழங்கலாயிற்று.

இவ்வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொடக்கம் முதலே இத்துறையின் அளவுகோல் சிவப்பணுவாக இருந்தது. இன்புளுயன்சா வைரஸ் உடலினுள் தொற்றுவது சுவாசப் பாதையின் செல்களை. ஆனால் ஆய்வகத்தில் அதன் பிணைப்பை அளந்தது கோழியின் சிவப்பணுவைக் கொண்டு. இவ்விரண்டின் சர்க்கரைகளும் ஒத்திருக்கும்வரை இடர் ஏதும் தோன்றவில்லை.

2. பிணைப்பின் மூலக்கூற்று அமைப்பு

சயாலிக் அமிலம் ஒன்பது கார்பன்களைக் கொண்ட சர்க்கரை. உடலியல் சூழலில் எதிர்மின்னூட்டம் உடையது. பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலியின் கடைசி உறுப்பாக, கேலக்டோஸ் என்னும் சர்க்கரையோடு இணைந்திருக்கும். சயாலிக் அமிலத்தின் 2ஆம் கார்பன், கேலக்டோஸின் 3ஆம் கார்பனோடு இணைந்தால் அது ஆல்பா 2,3 இணைப்பு; 6ஆம் கார்பனோடு இணைந்தால் ஆல்பா 2,6 இணைப்பு. எழுத்தில் ஓர் எண்ணின் மாற்றமாகவே தோன்றும் இவ்வேறுபாடு, சங்கிலியின் முப்பரிமாண வடிவத்தைப் பெரிதும் மாற்றுகிறது. ஆல்பா 2,6 இணைப்பில் கூடுதலாக ஒரு கார்பன் பிணைப்பு இருப்பதால் அச்சங்கிலி மிகுந்த நெகிழ்ச்சி பெற்றுப் பல்வேறு நிலைகளில் வளைய இயலும்.

ஹீமாகுளுட்டினினின் முப்பரிமாண அமைப்பை இயன் வில்சன், ஜான் ஸ்கெகல், டான் வைலி ஆகியோர் 1981இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழி வெளிப்படுத்தினர். மூன்று ஒத்த அலகுகள் சேர்ந்த முக்கூறு அது. ஒவ்வோர் அலகின் தலைப்பகுதியிலும் ஆழமற்ற பள்ளம் ஒன்று உள்ளது. சயாலிக் அமிலம் அப்பள்ளத்தில் அமர்ந்திருக்கும் நிலை 1988இல் படிக அமைப்பாகக் காட்டப்பட்டது. எச்3 வகையின் எண்ணிக்கை முறைப்படி 98ஆம் இடத்து டைரோசின், 153ஆம் இடத்து டிரிப்டோஃபேன், 183ஆம் இடத்து ஹிஸ்டிடின், 195ஆம் இடத்து டைரோசின் ஆகியன பள்ளத்தின் அடித்தளமாக அமைகின்றன. 130ஆம் வளையம், 190ஆம் சுருள், 220ஆம் வளையம் எனும் மூன்று பகுதிகள் அதன் விளிம்புகளாகின்றன. அடித்தளத்து அமினோ அமிலங்கள் பெரும்பாலான வகைகளிலும் மாறாது நிற்க, எந்த இணைப்பு ஏற்கப்படும் என்பதை விளிம்புகளில் நேரும் மாற்றங்களே தீர்மானிக்கின்றன.

இப்பிணைப்பு மிக வலிவற்றது. ஒரு பள்ளமும் ஒரு சயாலிக் அமிலமும் சேரும் பிணைப்பின் பிரிகை மாறிலி சில மில்லிமோலார் அளவினது என்பதை 1989இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு ஆய்வுகள் காட்டின. எதிர்ப்பொருள் ஒன்று தன் இலக்கோடு பிணையும் வலிமையோடு ஒப்பிடுகையில் இது பல்லாயிரம் மடங்கு குறைவு. விரும்பப்படும் இணைப்புக்கும் விரும்பப்படாத இணைப்புக்கும் இடையே இந்நிலையில் காணப்பட்ட வேறுபாடும் சில மடங்கிற்குள்ளேயே அடங்கியது.

எனினும் வைரஸ் செல்லை உறுதியாகப் பற்றுகிறது. ஒரு துகளின் மேற்பரப்பில் சுமார் 300 ஹீமாகுளுட்டினின் முக்கூறுகள் செறிந்துள்ளமையே இதற்குக் காரணம். பல பிணைப்புகள் ஒருங்கே நிகழும்போது, அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் ஏனையவை துகளைத் தாங்குகின்றன. தனிப்பிணைப்பில் சிறிதாக இருக்கும் வேறுபாடு, கூட்டுப் பிணைப்பில் பன்மடங்கு பெருகித் தெளிவான விருப்பமாக வெளிப்படுகிறது. இதனால் செல்லின் பரப்பில் சயாலிக் அமிலம் எத்துணை அடர்த்தியாக உள்ளது என்பது, அது எந்த இணைப்பில் உள்ளது என்பதற்கு நிகரான இன்றியமையாமை பெறுகிறது.

3. இருமைப் பகுப்பும் அதன் வெற்றியும்

1983இல் கேரி ராஜர்சும் ஜேம்ஸ் பால்சனும், சிவப்பணுக்களின் சயாலிக் அமிலத்தை முற்றாக அகற்றி, பின்னர் குறிப்பிட்ட நொதிகளின் துணையால் ஆல்பா 2,3 அல்லது ஆல்பா 2,6 இணைப்பில் மட்டும் அதனை மீண்டும் பொருத்தினர். இவ்வாறு மாற்றியமைத்த சிவப்பணுக்களைப் பயன்படுத்தியபோது, மனிதரிடமிருந்து பெற்ற எச்3 வைரஸ்கள் ஆல்பா 2,6 இணைப்பையும், பறவைகள், குதிரைகள் ஆகியவற்றிடமிருந்து பெற்றவை ஆல்பா 2,3 இணைப்பையும் விரும்புவது தெரியவந்தது. 226ஆம் இடத்தில் குளூட்டமின் இருந்தால் ஆல்பா 2,3, லியூசின் இருந்தால் ஆல்பா 2,6 என ஒரேயோர் அமினோ அமில மாற்றமே இவ்விருப்பத்தை மாற்றவல்லது என்பதும் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று.

பெருந்தொற்றுகளின் வரலாறு இக்கோட்பாட்டிற்கு அரணாக அமைந்தது. 1957ஆம் ஆண்டின் எச்2, 1968ஆம் ஆண்டின் எச்3 ஆகிய வைரஸ்களில் 226ஆம் இடத்தில் குளூட்டமின் லியூசினாகவும், 228ஆம் இடத்தில் கிளைசின் செரினாகவும் மாறியிருந்தன. 1918ஆம் ஆண்டின் எச்1 வைரஸில் வேறு இரு இடங்கள் இப்பணியை ஆற்றின. 190ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலமும் 225ஆம் இடத்துக் கிளைசினும் ஆஸ்பார்டிக் அமிலமாக மாறியிருந்தன. மீட்டுருவாக்கப்பட்ட 1918 வைரஸில் இவ்விரு இடங்களையும் பறவை வகைக்கே திருப்பியபோது, ஃபெரட் எனப்படும் கீரியையொத்த சிறு விலங்குகளிடையே அது காற்றின்வழிப் பரவும் ஆற்றலை இழந்தது என 2007இல் அறிவிக்கப்பட்டது.

உடலியல் சான்றுகளும் இதனோடு இயைந்தன. மனிதரின் மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் செல்களில் ஆல்பா 2,6 இணைப்பு மிகுந்திருப்பதும், ஆல்பா 2,3 இணைப்பு நுரையீரலின் ஆழத்தில், மூச்சு நுண்குழல்களின் சில செல்களிலும் காற்று நுண்ணறைகளிலும் காணப்படுவதும் 2006இல் காட்டப்பட்டன. எச்5என்1 மனிதருக்குத் தொற்றும்போது கடும் நுரையீரல் அழற்சியை விளைவிப்பதும், ஆயினும் இருமல், தும்மல் வழி எளிதில் பரவாமலிருப்பதும் இதனால் ஒரளவு விளக்கம் பெற்றன.

ஃபெரட் விலங்கு இவ்வாய்வுகளில் இடம்பெறுவதற்கும் சர்க்கரை சார்ந்த காரணம் உண்டு. பெரும்பாலான பாலூட்டிகள் சயாலிக் அமிலத்தின் இரு வகைகளை உருவாக்குகின்றன. அவற்றுள் ஒன்றை உருவாக்கும் மரபணு மனிதரில் செயலிழந்துள்ளது. ஃபெரட்டும் அவ்வகையை உருவாக்குவதில்லை என்பது 2014இல் உறுதியாயிற்று. பன்றி, குதிரை போன்றவற்றில் இரு வகைகளும் காணப்படுவதால், அவற்றின் சுவாசப் பாதையை மனிதருடையதற்கு முழு நிகராகக் கொள்ளவியலாது.

4. பற்றுதலும் விடுபடுதலும்

ஹீமாகுளுட்டினின் பற்றுகிறது, நியூராமினிடேஸ் சயாலிக் அமிலத்தை வெட்டி விடுவிக்கிறது. ஒரே பொருளின்மீது எதிரெதிர்ப் பணியாற்றும் இவ்விரு புரதங்களும் ஒரே துகளின் பரப்பில் அமைந்திருப்பது இவ்வைரஸின் தனித்தன்மை. ஒரு துகளில் 40 முதல் 50 வரையிலான நியூராமினிடேஸ் நாற்கூறுகள் உள்ளன.

சுவாசப் பாதையின் சளியில் சயாலிக் அமிலம் நிறைந்த மியூசின்கள் உள்ளன. வைரஸ் செல்லை அடையுமுன் அவை அதனைப் பொறிபோல் பிடித்துக்கொள்கின்றன. நியூராமினிடேஸ் அப்பொறியை வெட்டி வழியமைக்கிறது. செல்லின் பரப்பிலும் பற்றியும் வெட்டியும் துகள் மெல்ல நகர்ந்து செல்கிறது. புதிய துகள்கள் செல்லிலிருந்து வெளிப்படும்போது, அவை பழைய செல்லோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிக்கொள்ளாமல் விடுபடவும் இந்நொதி வேண்டும். 1999இல் பயன்பாட்டிற்கு வந்த சனாமிவிர், ஓசல்டாமிவிர் ஆகிய மருந்துகள் இந்நொதியைத் தடுத்தே செயல்படுகின்றன.

எனவே வலிமையான பிணைப்பே வைரஸுக்கு நன்று எனக் கொள்வது பிழையாகும். பற்றும் வலிமைக்கு ஈடான வெட்டும் திறன் இல்லையெனில் வைரஸ் சளியிலேயே சிக்கிக்கொள்ளும். வெட்டும் திறன் மிகுந்தால் பற்றுவதற்கு முன்பே பிடிமானம் அழியும். இரண்டின் சமநிலையே பரவும் ஆற்றலுக்கு அடிப்படை. ஹீமாகுளுட்டினினை மட்டும் தனித்து ஆராயும் ஆய்வுகள் இச்சமநிலையின் ஒரு பக்கத்தையே காட்டுகின்றன.

5. இருமைப் பகுப்பின் போதாமை

2,3 அல்லது 2,6 என்னும் இணைப்பு, சர்க்கரைச் சங்கிலியின் கடைசிக் கணுவை மட்டுமே குறிக்கிறது. அதற்கு அப்பாலுள்ள சங்கிலி நீண்டதா குறுகியதா, எத்தனை கிளைகள் உடையது, புரதத்தில் இணைந்ததா கொழுப்பில் இணைந்ததா என்பவை அதில் இடம்பெறுவதில்லை. 2008இல் ராம் சசிசேகரன் தலைமையிலான மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனக் குழுவினர், சங்கிலி மேற்கொள்ளும் வடிவமே முதன்மையானது என வாதிட்டனர். நீண்ட ஆல்பா 2,6 சங்கிலிகள் விரிந்த குடைபோன்ற வடிவத்தையும், ஆல்பா 2,3 சங்கிலிகளும் குறுகிய ஆல்பா 2,6 சங்கிலிகளும் கூம்பு வடிவத்தையும் கொள்ளும் என்பது அவர்களின் விளக்கம். ஆல்பா 2,6 இணைப்பைப் பற்றினாலும், நீண்ட சங்கிலியைப் பற்றாத வைரஸ் மனிதரிடையே பரவுவதற்கு ஏற்றதன்று என்னும் முடிவு இதனின்று பெறப்படுகிறது.

திசுக்களில் இவ்விணைப்புகளைக் கண்டறியும் முறையிலும் நுணுக்கம் தேவைப்படுகிறது. ஆல்பா 2,6 இணைப்பைக் காட்டுவதற்கு எல்டர் மரத்தின் லெக்டினும், ஆல்பா 2,3 இணைப்பைக் காட்டுவதற்கு மாக்கியா அமுரென்சிஸ் மரத்தின் லெக்டினும் வழக்கமாகப் பயன்படுத்தப்படுகின்றன. பின்னதில் இரு வடிவங்கள் உள்ளன. அவை வெவ்வேறு வகை ஆல்பா 2,3 சங்கிலிகளைப் பற்றுகின்றன. எந்த வடிவம் பயன்படுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து, ஒரே திசுவில் ஆல்பா 2,3 இணைப்பு உண்டு என்றோ இல்லை என்றோ ஆய்வுகள் கூற நேர்ந்துள்ளது.

கண்ணாடிப் பரப்பில் நூற்றுக்கணக்கான சர்க்கரைச் சங்கிலிகளைப் புள்ளிகளாகப் பதித்து, எப்புள்ளியில் புரதம் ஒட்டுகிறது எனக் காணும் சர்க்கரை அணித்தட்டு முறை 2004 முதல் இத்துறையில் பெருவழக்காயிற்று. எனினும் தட்டில் இடம்பெறுபவை வேதியியல் முறையில் உருவாக்க இயன்ற சங்கிலிகளே. மனிதச் சுவாசத் திசுக்களின் சர்க்கரைகளை நிறைநிரலியல் முறையில் பகுத்து 2013இல் வெளியான ஆய்வு, அன்றைய தட்டுகள் அத்திசுக்களின் சர்க்கரைத் தொகுதியை முழுமையாகப் பிரதிபலிக்கவில்லை எனக் காட்டியது. பன்றி, மனிதர் ஆகியோரின் நுரையீரலிலிருந்தே சர்க்கரைகளைப் பிரித்தெடுத்துத் தட்டில் பதிக்கும் முயற்சிகள் இக்குறையை ஈடுசெய்யும் நோக்கில் எழுந்தவை.

சயாலிக் அமிலமே அனைத்து இன்புளுயன்சா வைரஸ்களுக்கும் ஏற்பி என்னும் எண்ணமும் மாற நேர்ந்தது. நடு, தென் அமெரிக்க வௌவால்களில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட எச்17என்10, எச்18என்11 ஆகியவை சயாலிக் அமிலத்தைப் பற்றுவதில்லை. இரண்டாம் வகை முதன்மைத் திசுப்பொருத்தப் புரதங்கள் வழியே அவை செல்லினுள் நுழைகின்றன என்பது 2019இல் வெளிப்பட்டது.

6. அளவுகோல் பயனிழந்த நிலை: எச்3என்2

1968 முதல் மனிதரிடையே சுழன்றுவரும் எச்3 வைரஸ், எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்பும் பொருட்டுத் தன் தலைப்பகுதியை இடையறாது மாற்றிவருகிறது. பிணைப்புப் பள்ளம் அப்பகுதியிலேயே அமைந்திருப்பதால், தப்பும் மாற்றங்கள் பிணைப்பையும் பாதிக்கின்றன. 1990களில் இவ்வைரஸ்கள் கோழியின் சிவப்பணுக்களைத் திரட்டும் ஆற்றலை இழக்கத் தொடங்கின. ஆய்வகங்கள் வான்கோழி, கினிப்பன்றி ஆகியவற்றின் சிவப்பணுக்களுக்கு மாறின. பின்னாளில் அவற்றையும் சரிவரத் திரட்டாத வைரஸ்கள் தோன்றின.

வைரஸ் மனிதரிடையே குறைவின்றிப் பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஆய்வகத்தின் அளவுகோலில் அதன் பிணைப்பு மறைந்துகொண்டிருந்தது. இம்முரணுக்கு 2017இல் வெளியான ஆய்வு விளக்கம் தந்தது. அண்மைக்கால எச்3என்2 வைரஸ்கள், நீண்டு கிளைத்த ஆல்பா 2,6 சங்கிலிகளையே பற்றும்வகையில் மாறியிருந்தன. ஒரே சங்கிலியின் இரு கிளைகள் ஒரே முக்கூற்றின் இரு பள்ளங்களை ஒருசேர எட்டும் வாய்ப்பை இந்நீளம் அளிக்கிறது. அத்தகைய நீண்ட சங்கிலிகள் கோழியின் சிவப்பணுவில் போதிய அளவில் இல்லை. சிவப்பணுவின் சர்க்கரைகளை நொதிகளால் நீட்டியமைத்தபோது, அவற்றை இவ்வைரஸ்கள் மீண்டும் திரட்டின என 2021இல் காட்டப்பட்டது. ராஜர்சும் பால்சனும் 1983இல் கையாண்ட உத்தி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வடிவில் மீண்டும் பயன்பட்டது.

இதனோடு பிறிதொரு சிக்கலும் சேர்ந்தது. எச்3என்2 வைரஸ்களைச் செல்வளர்ப்பில் பெருக்கும்போது, நியூராமினிடேஸின் 151ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் கிளைசினாக மாறுவதுண்டு. மாறிய நொதி வெட்டுவதற்குப் பதிலாகப் பற்றுகிறது. சோதனையில் சிவப்பணுக்கள் திரள்வது கண்டு ஹீமாகுளுட்டினின் செயல்படுவதாகக் கருதினால், முடிவு முற்றிலும் பிழையாகும். இதனைத் தவிர்க்கவே சோதனைக் கலவையில் ஓசல்டாமிவிரைச் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

7. கோழிமுட்டையும் தடுப்பூசியும்

இன்புளுயன்சாத் தடுப்பூசியின் பெரும்பகுதி இன்றும் கோழிக் கருமுட்டையில் வளர்க்கப்படும் வைரஸிலிருந்தே உருவாகிறது. வைரஸ் வளரும் கருமுட்டைச் சவ்வின் செல்களில் ஆல்பா 2,3 இணைப்பே மிகுதி. ஆல்பா 2,6 இணைப்பிற்குப் பழகிய மனித வைரஸ் அங்குப் பெருக வேண்டுமாயின், பிணைப்புப் பள்ளத்தின் அருகே அது மாற வேண்டியுள்ளது. எதிர்ப்பொருள்கள் நாடும் இடங்களும் அவ்விடத்தை அடுத்தே உள்ளன.

2016–17ஆம் ஆண்டுப் பருவத்தின் எச்3என்2 தடுப்பூசி இதற்குத் தெளிவான சான்று. அப்போது பரவிய வைரஸின் ஹீமாகுளுட்டினினில் 158ஆம் இடத்தில் புதியதொரு சர்க்கரைச் சங்கிலி இணைந்திருந்தது. முட்டையில் வளர்க்கப்பட்ட தடுப்பூசி வைரஸில் 160ஆம் இடத்துத் திரியோனின் லைசினாக மாறியதால் அச்சங்கிலி அற்றுப்போனது. தடுப்பூசி பெற்றோரிடம் உருவான எதிர்ப்பொருள்கள், சங்கிலியற்ற வடிவத்தை நன்கு தடுத்தன. பரவிக்கொண்டிருந்த வடிவத்தை அவ்வாறு தடுக்கவில்லை. முட்டையைச் சாராமல், செல்வளர்ப்பிலும் மரபணு மறுசேர்க்கை முறையிலும் உருவாக்கப்படும் தடுப்பூசிகளின் தேவையை இது வலியுறுத்தியது.

பிணைப்பு ஆய்வு ஏட்டளவில் நிற்கும் நுண்பொருள் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஒரு சவ்வின் சர்க்கரை, தடுப்பூசி பெற்ற ஒருவரின் பாதுகாப்பை நிர்ணயிக்கிறது.

8. எச்5என்1: அளவீட்டிலிருந்து இடர் மதிப்பீட்டிற்கு

1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 பேருக்குத் தொற்றியது. அவர்களுள் 6 பேர் உயிரிழந்தனர். அன்று முதல் இவ்வைரஸ் மனித வகை ஏற்பியைப் பற்றும் ஆற்றலைப் பெறுமா என்பது தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. 2012இல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியே குழுவினரும், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ கவாவோக்கா குழுவினரும், எச்5 ஹீமாகுளுட்டினின் கொண்ட வைரஸ்கள் ஃபெரட்டுகளிடையே காற்றின்வழிப் பரவத் தேவையான மாற்றங்களை வெளியிட்டனர். இத்தகைய ஆய்வின் பாதுகாப்புக் குறித்து உலகளவில் விவாதம் எழுந்தது. ஆய்வாளர்கள் தாமாகவே அப்பணியைச் சில காலம் நிறுத்திவைத்தனர்.

இரு குழுக்களின் முடிவுகளிலும் மூன்று கூறுகள் பொதுவாக இருந்தன. முதலாவது, 226ஆம் இடத்து மாற்றம் உள்ளிட்ட பிணைப்பு மாற்றம். இரண்டாவது, பள்ளத்திற்கு அருகிலிருந்த சர்க்கரைச் சங்கிலியின் இழப்பு. மூன்றாவது, ஹீமாகுளுட்டினினின் நிலைப்புத்தன்மையைக் கூட்டும் மாற்றம். பிணைப்பு மாற்றம் தேவையானதே எனினும், அது மட்டும் போதுமானதன்று என்பது இதனால் தெளிவாகிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மாட்டின் பால்மடித் திசுவில் ஆல்பா 2,3, ஆல்பா 2,6 ஆகிய இரு இணைப்புகளும் இருப்பதாக அவ்வாண்டிலேயே ஆய்வுகள் தெரிவித்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் வில்சன், பால்சன் ஆகியோர் இடம்பெற்ற குழு ஒரு முடிவை வெளியிட்டது. டெக்சாஸில் மனிதர் ஒருவரிடமிருந்து பெறப்பட்ட, மாடுகளில் பரவிய வகையைச் சேர்ந்த வைரஸின் ஹீமாகுளுட்டினினில், 226ஆம் இடத்துக் குளூட்டமினை லியூசினாக மாற்றும் ஒரேயொரு மாற்றமே மனித வகை ஏற்பிக்கு விருப்பத்தைத் திருப்பப் போதுமானது என்பதே அது. முந்தைய எச்5 வைரஸ்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் தேவைப்பட்டன.

இம்முடிவு கவலைக்குரியது, ஆயினும் அது எதனைக் கூறுகிறது என்பதை வரையறுத்துக் கொள்ளல் வேண்டும். ஆராயப்பட்டது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஹீமாகுளுட்டினின் புரதம். அதன் முன் வைக்கப்பட்டவை தெரிவு செய்யப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகள். முழு வைரஸ், அதன் நியூராமினிடேஸ், சளி, காற்றில் நிலைத்திருக்கும் தன்மை ஆகியன அதில் இடம்பெறவில்லை. மனித வகை ஏற்பிக்குச் செல்லும் வழி குறுகியுள்ளது என்பதே அதன் பொருள். அவ்வழியை வைரஸ் கடந்துவிட்டது என்பது அதன் பொருளன்று.

9. ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து, பிணைப்பு ஆய்வைத் திட்டமிடுவோரும் மதிப்பிடுவோரும் எழுப்ப வேண்டிய வினாக்கள் சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, ஆராயப்பட்டது முழு வைரஸா, தனிப் புரதமா? தனிப் புரதத்தைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஆனால் வலிவற்ற பிணைப்பைக் காண்பதற்காக அப்புரதத்தை எதிர்ப்பொருள்களால் பல அலகுகளாகத் தொகுப்பது வழக்கம். அத்தொகுப்பின் அளவு முடிவைப் பாதிக்கும்.

இரண்டாவது, வைரஸ் எதில், எத்தனை முறை வளர்க்கப்பட்டது? முட்டையிலோ செல்வளர்ப்பிலோ பெருகிய வைரஸ், நோயாளியிடமிருந்து பெற்ற வைரஸாகவே இருக்கிறது எனக் கொள்ளலாகாது. வளர்ப்பிற்குப் பின் ஹீமாகுளுட்டினின், நியூராமினிடேஸ் ஆகிய இரண்டின் வரிசையையும் மீண்டும் படித்தல் வேண்டும்.

மூன்றாவது, எந்தச் சர்க்கரைகள், எவ்வளவு அடர்த்தியில் பயன்படுத்தப்பட்டன? குறுகிய ஆல்பா 2,6 சங்கிலியோடு பிணையவில்லை என்பதைக் கொண்டு, ஆல்பா 2,6 இணைப்போடு பிணையவில்லை என முடிவு கட்டலாகாது.

நான்காவது, நியூராமினிடேஸின் பங்கு கட்டுப்படுத்தப்பட்டதா? தடுப்பானைச் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து ஒப்பிட்டால் மட்டுமே பிணைப்பு எப்புரதத்தினுடையது என்பது துணியப்படும்.

தமிழில் இத்துறையை எழுதுவோர் கலைச்சொல்லிலும் கருத்தாக இருத்தல் நன்று. ஆல்பா 2,6 சங்கிலியை 'மனித ஏற்பி' என எழுதும்போது, மனித உடலில் அளந்ததாகப் பொருள் தோன்றுகிறது. 'மனித வகை ஏற்பி' என்பதே பொருந்துவது. அது வேதியியல் வகையைக் குறிக்கிறது; எவ்வுறுப்பில் அளக்கப்பட்டது என்பதைப் பற்றி எதனையும் முன்கூட்டி உரைப்பதில்லை. ஒற்றைச் சொல்லின் இவ்வேறுபாடு, ஆய்வகச் செய்தி மக்களை அடையும்போது அச்சமாகவோ அலட்சியமாகவோ திரிவதைத் தடுக்கவல்லது.

முடிவுரை

கோழியின் சிவப்பணுக்கள் திரண்டதில் தொடங்கிய இத்துறை, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அளவுகோல்களை மாற்றி மாற்றி வளர்ந்துள்ளது. ஒவ்வோர் அளவுகோலும் வைரஸின் ஒரு பண்பை வெளிக்கொணர்ந்தது, வேறொன்றை மறைத்தது. 2,3, 2,6 என்னும் இருமைப் பகுப்பு பெருந்தொற்றுகளின் தோற்றத்தை விளக்குவதில் இன்றும் பயனுடையதே. ஆனால் சங்கிலியின் நீளம், கிளைப்பு, அடர்த்தி, நியூராமினிடேஸோடு அமையும் சமநிலை ஆகியவற்றைச் சேர்க்காமல், அதனை மட்டும் கொண்டு இடரை மதிப்பிடல் இயலாது. எச்3என்2 சிவப்பணுச் சோதனையிலிருந்து மறைந்ததும், முட்டையில் வளர்ந்த தடுப்பூசி வைரஸ் தன் சர்க்கரையை இழந்ததும் இதனையே உணர்த்துகின்றன. மனிதச் சுவாசப் பாதையில் உண்மையில் உள்ள சர்க்கரைகளை அளவுகோலாக அமைத்துக்கொள்வதே இனிவரும் ஆய்வுகளின் முதற்பணியாக அமையத்தக்கது.